வயலோரத்துப் போர்

அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
தார்ச்சாலை அதில் கால்பங்கைத் தாண்டக் கூடாது,
அது ஒந்தீனின் விதி.
வியாழன் இரவுகளில், பிள்ளை தூங்கியதும்,
செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைக் கோடுகளைத் தேடுவாள்:
சுண்ணாம்புப் பாதை, டிராக்டர் தடம்,
தண்டவாளம் பிடுங்கிய பின் புதர் மண்டிய மேடு.

படத்தில் இன்னொன்றும் தெரியும்.
கோதுமை பச்சை பிடிக்கும் மாதங்களில்
நிலத்துக்குத் தையல் போட்டுப் பிரித்த மாதிரி
கோணல் கோணலாய் ஒரு வெளிறல்.
அதன் மேல் அவள் வழி வரைவதில்லை.
கேட்டால்,
"அங்கே பாதை கிடையாது" என்பாள்.

ஞாயிறு ஏழரை மணி.
திறக்காத ரொட்டிக்கடை முன்னால் ஒன்பது பேர்.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேரே வந்திருந்தேன்; சட்டையில் வெந்த கிழங்கு வாடை.
சொம் ஆற்றின் மூடுபனி முழங்கால் வரைக்கும்.
டயரில் காற்றைக் குறைத்தோம்,
சரளை அப்போதுதான் சொன்னபடி கேட்கும்.

இரண்டாவது ஏற்றத்தின் உச்சியில்
எவ்ரார் கைப்பிடியிலிருந்த கருவியைப் பார்த்துச் சொன்னான்:
"கீழே அந்தப் பாப்லர் வரிசையிலிருந்து இங்கே வர
அவர்களுக்கு ஒரு கோடை முழுக்க.
நமக்குப் பதினொரு நிமிடம்."
யாரும் சிரிக்கவில்லை.
அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.
மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தோம்.
வெட்டிய புல் ஈரமாய் இருந்தது.
சைக்கிள்களைச் சுவரில் சாய்க்காமல்
வெளியே, பள்ளத்தில் படுக்கப் போட்டோம்.

பாதை வளையும் இடத்தில் போர் தொடங்கியது.
ஆளுயரம், இருநூறு மீட்டர் நீளம்,
மண்ணோடு குவித்த சர்க்கரைக் கிழங்கு.
அதன் பாதியில் என் பின்டயர் சீறியது.
பால் மாதிரி வெள்ளைத் திரவம்
சுழன்று சுழன்று முதுகெல்லாம் தெளித்தது;
ஓட்டை அடைபடவில்லை.
விரல்நகம் அளவில் ஓர் இரும்பு.
ஓரங்கள் கிழிந்திருந்தன.
நூறு வருடத் துரு, முனை மட்டும் புதுசு.

கிழங்கு அள்ளும் எந்திரத்தை நிறுத்திவிட்டு
ஆன்செல்ம் இறங்கி வந்தார். வயல் அவருடையது.
அதை என் கையிலிருந்து வாங்கினார்,
பார்க்கக்கூட இல்லை,
இருக்கைக்கு அடியில் இருந்த வாளியில் போட்டார்.
அது தனியாக விழவில்லை, சத்தத்தில் தெரிந்தது.
"அந்த மின்கம்பத்துப் பக்கம் போகாதீங்க,
காலையில ஒண்ணு கிடைச்சது, முழுசா.
போலீஸுக்குச் சொல்லியாச்சு.
எடுக்கிறவங்க எப்ப வருவாங்களோ."
பிறகு குனிந்து டயரை அழுத்திப் பார்த்து
விலை கேட்டார்.
அறுபத்தைந்து யூரோ என்றேன்.
விசிலடித்தார்.

உள்ளே ட்யூப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன்.
கம்பத்தைத் தாண்டும்போது ஒன்பது பேரும்
பெடலை மிதிக்காமல் உருண்டோம்.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
வண்டிகளின் டிக் டிக் டிக் மட்டும்.

செவ்வாய் இரவு அந்தப் போர்
லாரி லாரியாய் ஆலைக்கு வந்தது.
கழுவும் கால்வாயில் கிழங்கு மிதந்து போகும்,
கல் அடியில் தங்கும்,
காந்தம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.
விடிகாலையில் காந்தத்தைத் துடைப்பது என் முறை.
பெயர் தெரிந்தவை:
ஒரு போல்ட்டு, அறுவடை எந்திரத்தின் பல்,
அரைக் குதிரை லாடம்.
பெயர் தெரியாதவை மூன்று கைப்பிடி.
அடுத்த கூடத்தில் சர்க்கரை
எப்போதும் போல வெள்ளையாய் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒந்தீனின் செய்தி வந்தபோது மணி ஐந்து:
"வரும் ஞாயிறு கம்பத்துப் பாதை இல்லை.
சுற்றிப் போகிறோம்.
தார்ச்சாலை மூன்று கிலோமீட்டர் கூடுகிறது.
மன்னிக்கவும்."